நான்காம் தொட்டி

நள்ளிரவில் அறுபத்திரண்டு ஆம்பியர்.
கிளறியின் தோளில் அவ்வளவு பாரம்.
ஆவியில் வெந்த கரும்புச் சோகை
பிசையாத களிமண்போல் முரண்டு பிடிக்கும் நேரம்.
எனக்குப் பயமில்லை.
விடிவதற்குள் முப்பதுக்கு இறங்கிவிடும்,
சில நாள் இருபத்தெட்டுக்கு.
சோகை கஞ்சியாவதை நான் கண்டதில்லை,
தொட்டி எஃகால் மூடியது.
முள் இறங்குவதைத்தான் கண்டிருக்கிறேன்,
மூன்று பருவமாக,
அலகோவாஸின் இந்த ஆலையில்,
இரவு முறையில்.

நொதி தெற்கிலிருந்து வரும்,
வெள்ளைப் பீப்பாய்களில்.
பழம்பாகின் நிறம், ஈரச்சாக்கின் வாசனை.
அதற்குப் பல்லில்லை மரினால்வா, வயிறில்லை,
உயிர்கூட இல்லை என்பார்
ஆய்வகத்து எட்வனில்சன்.
சங்கிலியைப் பிடிக்கும், ஒரு கண்ணியை அறுக்கும்,
விட்டுவிட்டு அடுத்ததைப் பிடிக்கும்.
அறுத்த இடத்தில் துளி இனிப்பு.
அதில் ஒரு சொட்டும் அது குடிப்பதில்லை.
விலைச்சீட்டு மட்டும் லிட்டர் கணக்கில் வரும்.
கரும்பு தின்னக் கூலி
இங்கே உண்மையாகவே கொடுக்கிறோம்.

ஜெனிவால் வெட்டப்போன காலத்தில்
சோகையைக் கொளுத்திய பிறகுதான் கரும்பைத் தொடுவார்கள்.
மறுநாள் கொடியில் காயும் துணியெல்லாம் கரி இழை.
எரிந்ததில் பாதிக்குமேல் சர்க்கரைதான்,
கட்டிப்போட்ட சர்க்கரை என்று
வேலைக்குச் சேர்ந்த வாரம் அவனிடம் சொன்னேன்.
வெகுநேரம் சும்மா இருந்தான்.
பிறகு,
"பதினோரு வருஷம் அதைத்தான் துப்பிக்கொண்டிருந்தேனா?" என்றான்.

அன்றைக்கு
இரண்டு மணிக்கு அறுபத்தொன்று.
மூன்றரைக்கு அறுபத்திரண்டு.
வெப்பம் ஐம்பது, புளிப்பு ஐந்து,
எல்லாம் ஏட்டில் உள்ளபடி.
கண்ணாடியைத் தட்டினேன், முள் அசையவில்லை.
மாதிரிக் குழாயைத் திறந்து
விரலில் எடுத்து நாக்கில் வைத்தேன்.
செய்யக்கூடாது; செய்தேன்.
நனைந்த தீக்குச்சி.

காலையில் தெரிந்தது:
பாலம் மூடியதால் லாரி இரண்டு நாள்
தார்ப்பாய்க்குக் கீழே வெயிலில் நின்றிருக்கிறது.
எட்வனில்சன் விரல்களை மடக்கிக் காட்டினார்,
பிறகு தளரவிட்டார்.
மடிந்திருந்தால் அது கை,
மடிப்புக் கலைந்தால் வெறும் கயிறு.
வெந்த முட்டையை யாரும்
திரும்பப் பச்சை முட்டையாக்க முடியாது என்றார்.
அவர் கண்ணும் சிவந்திருந்தது.
எண்பது டன்னை வேலிக்குப் பின்னால் கொட்டினார்கள்.
நட்டம் என் முறையின் பக்கத்தில் ஏறியது,
பாலத்தின் பேரில் அல்ல.

அதன்பின் பருவம் தப்பிய மழை.
ஒரு மாதம் அந்தப் பக்கம் நான் போகவில்லை.

போனது ஒரு ஞாயிறு, வேறு வேலையாக,
காற்றில் பறந்த தலைக்கவசத்தைத் தேடி.
குவியல் புகைந்துகொண்டிருந்தது.
தீயில்லை, மூச்சு.
பக்கமெல்லாம் வெள்ளை நூல்,
மேலே சாம்பல் நிறக் குடைகள்,
சட்டைப் பொத்தான் அளவில்.
மணிக்கட்டுவரை கையை விட்டேன்.
காய்ச்சல்காரக் குழந்தையின் கழுத்துச் சூடு.
பீப்பாயில்லை, விலைச்சீட்டில்லை,
யார் வரச்சொன்னார்கள் இதை?
உள்ளே சோகை மசிந்திருந்தது,
முழுக்க அல்ல, அங்கங்கே,
அவசரமில்லாத ஒருவர் தின்றதுபோல்.

அடியில் பழுப்பாக ஒரு கசிவு.
அதை நோக்கி, வேலியின் கம்பியைக் கடந்து,
ஆலையின் சர்க்கரைக் கிடங்குக்கு முதுகைக் காட்டி,
எறும்புச் சாரை.

திங்கட்கிழமை மண்வாரி வரும்,
ஈ மொய்க்கிறதாம், அள்ளிவிடுவார்கள் என்று
எட்வனில்சன் நேற்றே சொல்லியிருந்தார்.
தலைக்கவசம் கிடைத்தது.
உள்ளே மழைத்தண்ணீர். கவிழ்த்தேன்,
எறும்புகளின் வழியில் படாமல்,
கொஞ்சம் தள்ளி.